ரோட்டனெக் மலைக்கு நான் பனி போட்ட கதை

பேர்ன் நகரத்தில் கெங்காதரனின் சலூனில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேர் இருந்தால் அதில் ஒருவன் நானாக இருப்பேன். மற்ற இரண்டு பேரும் நான் சொல்வதை நம்பாதவர்களாக இருப்பார்கள்.

அன்றைக்கு நம்பாதவர்களில் ஒருவன் கத்தரிக்கோல் பிடித்த கெங்காதரன். மற்றவர் நாற்காலியில் இருந்த இரத்தினசிங்கம். இவர் முப்பது வருசம் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். எந்தக் கதையையும் தராசில் வைத்து நிறுத்து, முத்திரை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. அங்கே என் மனைவி தவமலர் தலை நரைக்கு மை பூசிவிட்டு, அது காயும்வரை இருந்தாள்.

இரத்தினசிங்கம் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்த வருசமும் ஸ்கீ மலையளைத் திறக்கிறதைத் தள்ளி வைச்சிட்டாங்களாம். பனி இல்லையாம். ரெண்டு கிழமையாச் சனம் வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்குதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு கிழமையே? உது ஒரு காத்திருப்பே இரத்தினம்? உது பஸ்சுக்கு நிக்கிற மாதிரி."

"ஐயோ இரத்தினண்ணை," என்றான் கெங்காதரன். "இந்த மனிசனுக்கு முன்னாலை ஏன் வாயைத் திறந்தனியள்? எனக்கு ஆறு மணிக்குக் கடை பூட்டோணும்."

பூட்டட்டும். நான் தொடங்கிவிட்டேன்.

நான் சுவிசுக்கு வந்து மூன்றாவது வருசம் அது. ரோட்டனெக் என்று ஒரு மலைக் கிராமம். வரைபடத்தில் தேடாதீர்கள், சரியாக அந்த இடத்தில்தான் மடிப்பு விழுந்திருக்கும். அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். நவம்பர் தொடக்கத்தில் பனி விழும், மலை வெள்ளையாகும், ஆளை மலைக்கு ஏற்றுகிற கம்பி லிப்ட் ஓடும், சனம் வந்து சறுக்கும். அதுதான் வழமை என்று சொன்னார்கள். அந்த வருசம் நவம்பர் முழுக்கப் போனது, ஒரு பொட்டுப் பனி இல்லை. மலை கீரைப்பாத்தி மாதிரிப் பச்சையாகக் கிடந்தது.

பனி வராவிட்டாலும் ஜேர்மன்காரர் வந்துவிட்டார்கள். அவர்கள் லீவு எடுத்தால் எடுத்ததுதான், வானம் என்ன செய்தாலும் திரும்பிப் போக மாட்டார்கள். விடிய எழும்பி, ஸ்கீ சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு, ஹோட்டல் முன்கூடத்தில் வரிசையாக இருந்து யன்னலைப் பார்ப்பார்கள். மத்தியானம் சப்பாத்தோடேயே சாப்பிடுவார்கள். பின்னேரம் சப்பாத்தோடேயே யன்னலைப் பார்ப்பார்கள். பத்தாம் நாள் ஒருவர் குளிக்கப் போகக் கழற்றினால், சப்பாத்து வரவில்லை. கால் உள்ளேயே வளர்ந்துவிட்டது.

"அம்பது வயசு மனிசனுக்குக் கால் வளருமே?" என்றார் இரத்தினசிங்கம்.

"நாப்பத்திரண்டாம் நம்பர் காலோட வந்தவர், நாப்பத்தாறாம் நம்பர் காலோட போனவர். கதவு வரைக்கும் போய் வழியனுப்பினது நான்."

சுவரில் சாத்தி வைத்த சறுக்குப் பலகைகளின் கதை அதைவிட மோசம். நின்று நின்று வேர் விட்டுவிட்டன. ஒரு பலகையில் கொழுந்தும் வந்தது. ஹோட்டல் முதலாளியம்மா காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவா.

லிப்டைப் பார்க்கிறவன் ரூடி. நல்ல மனிதன், வாயில் எப்போதும் புகையிலைச் சுங்கான். சும்மா நின்றால் லிப்டின் இரும்பு கறள் பிடித்துவிடும் என்று தினமும் வெறுமையாக ஓட்டுவான். இரண்டு நாள் பார்த்துக்கொண்டு நின்ற மாடுகள் மூன்றாம் நாள் ஏறத் தொடங்கிவிட்டன. காலமை எட்டுக்கு ஏறி உச்சியில் போய் மேய்ந்துவிட்டு, பால் கறக்கிற நேரத்துக்கு நாலு மணி லிப்டில் இறங்கும்.

"லிப்டுக்கு ரிக்கற்?" என்றான் கெங்காதரன்.

"சீசன் ரிக்கற். கழுத்திலை மணியோட கட்டியிருந்தது."

கெங்காதரன் கத்தரிக்கோலைத் தலைக்கு மேலே பிடித்தபடி சிரித்தான். இரத்தினசிங்கம் சிரிக்கவில்லை. "சரி சோதி, ஜேர்மன்காரன் பாவம், மாடு பாவம். கோப்பை கழுவின உமக்கு உதாலை என்ன நட்டம்?"

அவர் கேட்டது நியாயம். பனி விழுந்தாலும் எனக்குக் கோப்பைதான், விழாவிட்டாலும் கோப்பைதான். ஆனால் எனக்கு வேறொரு கண்டம் இருந்தது. திரைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

தவமலரைக் கட்டி இரண்டு மாதத்தில் நான் புறப்பட்டு வந்தவன். அவள் கொழும்பில், வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருந்து மூன்று வருசம் விசாவுக்குக் காத்திருந்தாள். இடையில் எங்களுக்குக் கடிதம்தான் குடித்தனம். என்னோடு படித்த ஒருவன் லண்டனில் இருந்து தன் மனிசிக்குக் காரைப் பற்றி எழுதினான். இன்னொருவன் பாரிசில் இருந்து கோபுரத்தைப் பற்றி எழுதினான். என்னிடம் கோப்பை இருந்தது. கோப்பையைப் பற்றி ஒரு மனிதன் எத்தனை கடிதம் எழுதலாம்? நான் இரண்டு எழுதினேன். அதோடு முடிந்துவிட்டது.

மூன்றாம் கடிதத்தில் பனியைப் பிடித்தேன். இஞ்சை வீட்டு உயரத்துக்குப் பனி, காலமை மூன்றாம் மாடி யன்னலாலைதான் வெளியிலை போறனான் என்று எழுதினேன். மூக்கைச் சிந்தினால் கல்லாக விழும், போன கிழமை அப்படி விழுந்து பக்கத்தில் நின்றவனுக்குப் பெருவிரல் நசிந்துவிட்டது என்று எழுதினேன். பனியை எப்போது விழுத்துவது என்று முதலாளியம்மா என்னிடம்தான் கேட்பா என்றும் எழுதிவிட்டேன். அந்த வரி எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் தாளில் இடம் மிச்சம் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று வருசமும் மழை மாதிரி ஏதோ தூறியதே தவிர, நான் கண்ட பெரிய பனி ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருந்ததுதான்.

அப்போதுதான் விசா சரிவந்தது. டிசம்பர் ஆறாம் திகதி தவமலர் வந்து இறங்குகிறாள். இறங்கி, பச்சை மலையைப் பார்த்து, "எங்கையப்பா பனி?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பனி பொய் என்றால் கடிதத்தில் மிச்சம் என்ன உண்மை? 'உன்னை நினைக்காத நாளில்லை' என்று எழுதியதும் அதே பேனாதானே?

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "அக்கா உதையெல்லாம் நம்பினவவே அண்ணை?"

"எழுத்துக்கு எழுத்து. இண்டைக்கும் நம்பிறா. நீ மெல்லக் கதை."

தவமலர் வர ஒன்பது நாள் இருந்தது. நான் ரூடியிடம் போனேன். அவனிடம் பனி ஊதுகிற மெசின் ஒன்று இருந்தது. தண்ணீரைத் தூளாக்கிக் காற்றோடு அடிக்கும், குளிர் இருந்தால் அது பனியாகி விழும். "குளிர் நாலு பாகை மைனசிலை வேணும், இப்ப பதினொரு பாகை வெக்கை," என்று ரூடி சுங்கானைக் காட்டினான். அது பற்றவைக்காமலே புகைந்தது, அவ்வளவு வெக்கை.

குளிர்தானே வேண்டும்? குசினிக் குளிர் அறையில் உறைந்த கோழி அறுநூறு இருந்தது. ஜேர்மன்காரரை எழுப்பினேன். இருபது நாளாக ஒரு வேலையும் இல்லாத மனிதர்கள், சந்தோசமாக வந்தார்கள். வரிசையாக நின்று கைக்குக் கை கோழி மாற்றி, மெசினைச் சுற்றி ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். அறுநூறு கோழியின் குளிரும் ஒன்றாகச் சேர்ந்தபோது முதலாளியம்மாவின் மூக்குக் கண்ணாடி வெடித்தது. ரூடி மெசினைப் போட்டான். அது இருமியது, செருமியது, பிறகு ஒன்றைத் துப்பியது.

ஒன்றே ஒன்று. ஆனால் சுளகு அளவில் ஒரு பனிப்பூ.

மெதுவாக ஆடி ஆடி வந்து புல்லில் விழுந்தது. நாங்கள் கயிறு கட்டி மறித்தோம். நூற்றைம்பது ஜேர்மன்காரரும் வரிசையில் நின்று, ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தார்கள். ஒரு தடித்த மனிதர் பொறுக்க மாட்டாமல் கயிற்றைத் தாண்டிப் பலகையோடு அதில் ஏறி, இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு ஒன்றரை அடி சறுக்கினார். சறுக்கி, விழுந்து, காலை முறித்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வருசத்தின் முதல் ஸ்கீ விபத்து! பேப்பர்காரன் வந்து படம் எடுத்தான். பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்தது, பன்னிரண்டு பத்துக்கு அது உருகிப் போனது.

"என்ன பாரம் இருந்தது?" இரத்தினசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முன்னூற்றிப் பத்துக் கிராம். நல்லகாலம் நான் தபாலிலை போடேல்லை, போட்டிருந்தா உம்மட பெட்டியிலை வந்து உருகியிருக்கும்."

கோழி அறுநூறும் இளகிவிட்டது. அந்தக் கிழமை கோழிக் கோப்பை கழுவிக் கழுவி என் கை இரண்டிலும் செட்டை முளைக்கிற மாதிரித் தினவெடுத்தது.

ஐந்து நாள் மிச்சம். எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் மூளையில் ஒரு வெளிச்சம். என் மூளையில் வெளிச்சம் வந்தால் பக்கத்தில் நிற்காதே என்று அப்பா சொல்வார். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு மலை நின்றது.

பேர்னில் கடை வைத்திருந்த குகதாசனுக்குப் போன் எடுத்தேன். "குகன், இருநூறு மூட்டை மா உடனை அனுப்பு." அவன் எதற்கு என்று கேட்கவில்லை. நான் வெள்ளை மா என்று சொல்லவில்லை. அங்கேதான் பிழை விட்டேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் இன்னொரு யாழ்ப்பாணத்தானிடம் வாயைத் திறந்து மா என்று கேட்டால் என்ன வரும்?

"சிவப்பரிசி மா," என்றான் கெங்காதரன்.

"அதுவும் வறுத்தது. குகதாசன் நம்பிக்கையான ஆள், அரிச்சு வேற அனுப்பியிருந்தான்."

மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கிய காலமை மலையை முகில் மூடியிருந்தது. முன்னால் நின்ற ரூடியின் சுங்கானே தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தோம். லிப்ட் கதிரையில் மூட்டையோடு ஏறி, மேலே இருந்து கீழே வரை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டே போனோம். நாற்பது தரம் ஏறி இறங்கினோம். மாடுகள் தங்கள் இடத்தை விட்டுத் தந்தன. பத்து மணிக்கு முகில் விலகியது.

மலை செங்கல் நிறத்தில் நின்றது.

முதலாளியம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தா. பார்த்தா. கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தா. "ஹெர் சோதி, மலைக்கு ஏன் கறள் பிடிச்சிருக்கு?"

"அது பொழுதுபடுகிற வெளிச்சம் மேடம்."

"இப்ப காலமை பத்து மணி."

"இலங்கையிலை இப்ப பின்னேரம் மேடம்," என்றேன். பயத்தில் வாய்க்கு வந்ததுதான். ஆனால் கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

அதற்குள் பள்ளத்தாக்கில் இருந்து வெப்பக் காற்று கிளம்பியது. கீழே இருந்த ஏரியின் ஈரம் முழுவதையும் ஆவியாக ஏற்றிக்கொண்டு வந்தது. மேலே முகில் திரும்பவும் வந்து மூடியது. "கெங்காதரன், நீ வீட்டிலை சமைக்கிறவன், சொல்லு பாப்பம்," என்றேன். "கீழை ஆவி, நடுவிலை மா, மேலை மூடி."

கெங்காதரன் சீப்பைக் கீழே போட்டுவிட்டான். "புட்டு!"

"மலை அளவு புட்டு."

"உப்பு?"

"அந்தக் கிராமத்திலை டிசம்பர் முதலாம் திகதியிலையிருந்து ரோட்டுப் பனியை உருக்கிற உப்பு லொறி ஓடோணும் எண்டு சட்டம். பனி இருந்தா என்ன, விட்டா என்ன, அட்டவணையிலை இருந்தா அவன் உப்பைத் தூவிப்போட்டுத்தான் போவான். அண்டைக்குச் சறுக்கு மலை அடிவாரம் அவன்ரை முறை."

"தேங்காய்ப்பூ?"

"அதுதான் இல்லை தம்பி. உண்மையை உண்மையாச் சொல்லோணும். கொஞ்சம் வறட்டுப் புட்டுத்தான்."

ஜேர்மன்காரருக்கு நிறம் ஒரு பொருட்டா? சறுக்க ஏதோ ஒன்று சரிவில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் நூற்றைம்பது பேரும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேர் விட்ட பலகைக்காரர் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சறுக்கினார்கள். புட்டில் பனியைப் போல நேராகப் போகாது, உதிரும். முதல் வளைவில் ஒருவர் வாய் திறந்தபடி குப்புற விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. ஐயோ ஆள் போயிட்டுது என்று நான் ஓடிப் போய்ப் பார்த்தால், மனிதர் மென்றுகொண்டு கிடக்கிறார். அடுத்தவர் விழுந்தார், அவரும் எழும்பவில்லை. பிறகு விழாதவர்களும் வேண்டுமென்றே விழத் தொடங்கினார்கள். மேலே இருந்து கீழே வரை ஒருவரும் வந்து சேரவில்லை, எல்லோரும் வழி நெடுகச் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்று மணிக்கு மலை பழையபடி பச்சை. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கும் இது போடலாமா? கொஞ்சம் குழம்போடு?" என்று கேட்டா.

"அப்ப உமக்குச் சம்பளம் கூட்டியிருப்பினமே," என்றார் இரத்தினசிங்கம்.

"அண்டைக்குக் கழுவ ஒரு கோப்பையும் இல்லை எண்டு என்னை வெள்ளெனவே வீட்டை போகச் சொன்னவை."

இப்படியே ஆறாம் திகதி வந்துவிட்டது.

சூரிச் விமான நிலையத்தில் தவமலர் மூன்று சுவெட்டருக்கு மேலே சேலை கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மாமி பின்னிக் கொடுத்தவை. சேலைக்குக் கீழே காலுறை மூன்று சோடி. எல்லாம் என் கடிதம் செய்த வேலை. ஆளைக் கண்ட சந்தோசத்தையும் மீறி, நான் அந்தச் சுவெட்டர்களைத்தான் எண்ணிக்கொண்டு நின்றேன். ரயிலில் நான் யன்னல் பக்கம் இருந்துகொண்டு பேப்பரை அகலமாக விரித்துப் பிடித்தேன். எனக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. இரண்டரை மணித்தியாலம் ஒரே பக்கத்தை வாசித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாளே என்று இன்னும் பயம் கூடியது.

ரோட்டனெக்கில் இறங்கினோம். நல்ல வெளிச்சம். பச்சை மலை. தவமலர் பெட்டியைக் கீழே வைத்தாள். மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் மலையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

இரத்தினசிங்கம் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். பாதி வெட்டிய தலை. "திறந்து?"

திறந்த வாயில் இருந்து கேள்வி வந்து விழுவதற்குள் நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். மூன்று வருசக் கடிதமும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. என் வாழ்நாளிலேயே ஆருக்கும் கட்டளை போடாதவன், அடிவயிற்றில் இருந்து ஒரு சொல் சொன்னேன்.

"விழு!"

விழுந்தது. எப்படி விழுந்தது என்கிறீர்கள்! தவமலர் வாயை மூடுவதற்குள் முழங்கால் வரை வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கக் குனிந்தேன், பெட்டியைச் சித்திரை மாதம்தான் கண்டோம். ஹோட்டல் எங்கே என்று தெரியாமல் நடந்து, காலுக்குக் கீழே சூடாக இருக்கிறதே என்று பார்த்தால், நாங்கள் நிற்பது புகைபோக்கியின் மேல். அதற்குள்ளால் இறங்கிக் குசினிக்குப் போய்த்தான் தேத்தண்ணி குடித்தோம். பள்ளத்தாக்கு நிரம்பியது. மலை பனிக்குள் தாழ்ந்துவிட்டது. மேலே போகிற லிப்டை ரூடி கீழே போகிற மாதிரி மாற்றிப் பூட்டினான், சனம் கிணற்றில் இறங்குகிற மாதிரி மலை உச்சிக்கு இறங்கிப் போனது. இத்தாலிப் பக்கம் வழிகிறது, நிறுத்துங்கள் என்று அங்கே இருந்து போன் வந்தது. போனை முதலாளியம்மா என்னிடம்தான் தந்தா.

"நில்லும் சோதி," என்று இரத்தினசிங்கம் கை காட்டினார். "அந்த வருசம் நானும் இஞ்சைதான். ஆறாம் திகதி பேர்னிலை நான் வெறும் சேட்டோட நடந்தனான். ஒரு துளி விழேல்லை."

"பேர்னுக்கு என்னண்டு விழும்? நான் ரோட்டனெக்குக்குத்தானே சொன்னனான்."

கெங்காதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கண்ணாடியில் என் மீசையைத் தடவிவிட்டேன். அதே கண்ணாடியில் திரைச்சீலை விலகுவது தெரிந்தது. தலையில் மையும் கழுத்தில் துவாயுமாகத் தவமலர் நின்றாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

கெங்காதரன் விடவில்லை. "அக்கா, நீங்களே சொல்லுங்கோ. அண்டைக்குப் பனி விழுந்ததே?"

"வெயில் எறிச்சது," என்றாள் தவமலர். "மூண்டு சுவெட்டரோட எனக்கு வேர்த்து ஊத்தினது. ஒரு மாடு வந்து சேலைத் தலைப்பைச் சப்பினது. இவர் அதோட தமிழிலை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

முப்பத்தைந்து வருசமாக நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது இரத்தினசிங்கம் முத்திரை பார்க்கத் தொடங்கினார். "அப்ப அந்தக் கடிதங்கள் தங்கச்சி? எழுதினது எல்லாம் பொய் எண்டு கண்டவுடனை உங்களுக்குக் கோவம் வரேல்லையே?"

"ஏன் அண்ணை கோவம்? யன்னலாலை வெளியிலை போறதாம், மூக்குச் சிந்தினாக் கல்லா விழுமாம். சுவெட்டர் பின்னின மாமி நம்பினவ. நானும் நம்பியிருந்தா இந்த நாட்டுக்கு வந்திருப்பனே? இவர் எழுதிறது புளுகு எண்டு திடமாத் தெரிஞ்சபடியாத்தான் பிளேன் ஏறினனான்."

கெங்காதரன் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு மலையில் இருந்து பலகை இல்லாமல் சறுக்கி வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை.

"அப்ப மற்றது?" என்றேன், குரல் இறங்கி. "உன்னை நினைக்காத நாளில்லை எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் எழுதினனே தவம்?"

தவமலர் துவாயை இறுக்கிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள்.

"அதுவும் புளுகுதான்," என்றாள். "ஆனா அது குளிரேல்லை."